ஒரு குழந்தைக்கு எவ்வளவு நீர்?

வைத்தியத்தின் வரலாறு என்றதும் நம் பாடநூல்கள் பெரும் பெயர்களையும் பெருங் கருவிகளையுமே வரிசைப்படுத்திக் காட்டுகின்றன. நுணுக்குக்காட்டி, கதிர்ப்படம், பெனிசிலின் என்று அவ்வரிசை நீளும். அவற்றின் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் மனித குலம் தன் குழந்தைகளை இழந்ததும் காத்துக்கொண்டதும் இவற்றால் மட்டுமன்று. மிகச் சிறிய ஒரு கேள்விக்கு விடை தெரியாமையால் கணக்கற்ற குழந்தைகள் மாண்டிருக்கின்றனர். சாகக் கிடக்கும் இந்தக் குழந்தைக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்பதே அக்கேள்வி.

கேட்பதற்கு எளிதான கேள்வி, விடையோ எளிதன்று. வளர்ந்தவன் தனக்குத் தாகமென்று சொல்வான், சிசு சொல்லாது. சிசுவின் உடல் நிறையில் நூற்றுக்கு எழுபது பங்களவு நீரே. வயிற்றோட்டம் கண்ட குழந்தை ஒரே இரவில் தன் நிறையின் பத்தில் ஒரு பங்கை இழந்துவிடக்கூடும். அவ்வாறு இழந்த பின்னரும் அதன் உடல் நெடுநேரம் குருதியமுக்கத்தைத் தாங்கி நிற்கும். அமுக்கம் வீழ்ந்துவிட்டதென்று கருவி காட்டும்போது காலம் பெரும்பாலும் கடந்துவிட்டிருக்கும். சரி, வேண்டிய மட்டும் நீரை ஊற்றிவிடலாமே என்றால் அதுவும் ஆகாது. மிகையான நீர் நுரையீரலில் தேங்கும். மூளையை வீங்கச் செய்யும். குறைந்தாலும் மரணம், கூடினாலும் மரணம் என்னும் இந்த இக்கட்டில் வைத்தியன் எதனைக் கொண்டு அளவைத் தீர்மானிப்பது?

இதற்கு இரு வழிகள் உண்டு. உடலைத் துளைத்து, குருதிக் குழாயினுள் நுண்குழலைச் செலுத்தி, உள்ளேயுள்ள அமுக்கத்தை அளப்பது ஒன்று. உடலைத் துன்புறுத்தாமல் கண்ணாலும் கையாலும் தராசாலும், அண்மைக் காலத்தில் ஒலியலைகளாலும் அறிந்துகொள்வது மற்றொன்று. இவ்விரண்டாவது வழியின் வரலாற்றையே நாம் இங்கு நோக்க முற்படுகின்றோம். முதலாவது வழி செல்வம் மிகுந்த சில வைத்தியசாலைகளின் உடைமை. இரண்டாவதோ, தாய்க்கும் தாதிக்கும் கிராமத்து வைத்தியருக்கும் பொதுவுடைமையாகத் தக்கது. எனினும், எளியது என்பதனாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. இந்த வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடங்களுள் இதுவே தலையாயதெனலாம்.

லீத் நகரத்து மூதாட்டி

1831 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வாந்திபேதி இங்கிலாந்தின் சண்டர்லாந்துத் துறைமுகத்தை வந்தடைந்தது. தொழிற்புரட்சியின் ஊற்றங்காலாக விளங்கிய நகரங்களில், சாக்கடைக்கும் கிணற்றுக்கும் இடையே வேறுபாடற்ற தொழிலாளர் சேரிகளில் அது தீயெனப் பரவிற்று. அன்றைய வைத்தியர்கள் கையாண்ட முறை யாது? ஏற்கெனவே நீர் வற்றிக் கிடந்த நோயாளியின் குருதியையும் வடித்தெடுத்தார்கள்.

வில்லியம் புரூக் ஓஷானசி என்னும் ஐரிஷ் இளைஞர், அப்போது இருபத்திரண்டு வயதையொட்டியவர், நோயாளரின் குருதியை இரசாயன முறையிற் பரிசோதித்தார். அது நீரையும் உப்புக்களையும் பெருமளவு இழந்திருப்பதை அவர் கண்டார். இழந்தவற்றைத் திருப்பிக் கொடுப்பதே மருந்து என்னும் முடிவு அதிலிருந்து பிறந்தது. ஸ்கொத்லாந்தின் லீத் நகரைச் சேர்ந்த தொமஸ் லாற்றா என்னும் வைத்தியர் 1832 ஆம் ஆண்டு மே மாதத்தில் அதனைச் செயலிற் காட்டினார். மரணத் தறுவாயிலிருந்த ஒரு மூதாட்டியின் கைநாளத்தில் குழலைச் செருகி, உப்புநீரை அவர் மெல்ல மெல்லச் செலுத்தலானார்.

எவ்வளவு செலுத்துவது? அதனைச் சொல்ல நூலும் இல்லை, கருவியும் இல்லை. லாற்றா நோயாளியின் முகத்தைப் பார்த்தார், மூச்சைக் கவனித்தார், மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைத் தேடினார். முதலில் மாற்றம் ஏதும் தோன்றவில்லை. பின்னர் மூச்சு இலகுவாயிற்று. குழிவிழுந்த கண்களில் ஒளி வந்தது. மறைந்திருந்த நாடி மீண்டது. அரைமணி நேரத்தில் ஆறு பைந்து நீர் உட்சென்றது. நோயாளி பிழைத்தாரெனக் கருதிய லாற்றா, அவரை ஆசுபத்திரி வைத்தியரின் பொறுப்பில் விட்டுச் சென்றார். வாந்தியும் பேதியும் திரும்பின. மீண்டும் நீர் செலுத்தப்படவில்லை. ஐந்தரை மணி நேரத்தில் மூதாட்டி மாண்டார். மறுமுறையும் செலுத்தியிருப்பின் அவர் பிழைத்திருப்பார் என்பது லாற்றாவின் உறுதியான எண்ணம்.

இந்த முதல் நிகழ்ச்சியிலேயே பின்வந்த இரு நூற்றாண்டுகளின் பாடம் அடங்கியிருக்கின்றது. கண்ணும் கையும் அளவுகருவிகளாகலாம். ஆனால் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகும் கண்ணாற் பயனில்லை. அருகிருந்து மீண்டும் மீண்டும் பார்ப்பவர் ஒருவர் வேண்டும். லாற்றா 1833 இல் இறந்தார். கொள்ளைநோயும் தணிந்தது. அவருடைய முறையும் நெடுங்காலம் மறக்கப்பட்டது.

வாளியும் தாகமும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கல்கத்தாவில் லெனாட் றொஜேர்ஸ் உப்புநீர் முறைக்கு மீண்டும் உயிரூட்டினார். நீரின் அளவைத் தீர்மானிக்க அவர் நோயாளியின் குருதித் துளியை, வெவ்வேறு செறிவுள்ள கிளிசரின் கலவைகளில் இட்டுப் பார்த்தார். குருதி எவ்வளவு கெட்டிப்பட்டதோ அவ்வளவு நீர் வேண்டும் என்பது கணக்கு. மரணவீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படை வைத்தியரான றொபேட் பிலிப்ஸ் இதே கருத்தை மயில்துத்தக் கரைசலைக் கொண்டு மேலும் எளிதாக்கினார். துளி மிதக்கின்றதா, ஆழ்கின்றதா என்று பார்த்தாற் போதும். 1947 இல் எகிப்தைத் தாக்கிய வாந்திபேதியின்போது இம்முறை கெய்ரோவிற் பெரிதும் பயன்பட்டது.

ஆயினும் அதுவும் ஊசியால் குத்தும் வழியே. ஊசியில்லாத வழியொன்று டாக்கா நகரில் கையாளப்பட்டது. 1960 ஆம் ஆண்டில் அங்கு நிறுவப்பெற்ற வாந்திபேதி ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு கட்டில் இருந்தது. துணி விரித்த கட்டில். நடுவே ஒரு துவாரம். துவாரத்தின் கீழ் ஒரு வாளி. நோயாளியின் உடலிலிருந்து வெளியேறும் நீரனைத்தும் வாளியில் வீழும். அளவுகோலை வாளியில் நிறுத்தி, எவ்வளவு போயிற்றோ அவ்வளவைத் திருப்பிக் கொடுத்தார்கள். விஞ்ஞானம் என்பது பளபளக்கும் கருவியன்று, ஒழுங்கான அளவீடே என்பதற்கு அந்த வாளியினும் சிறந்த சான்றினை நாம் அறியோம்.

கொடுப்பதும் நாளத்தின் வழியாகவேதான் இருக்க வேண்டுமா? கல்கத்தாவின் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி, வாய்வழியாகவே உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் கொடுத்து 186 நோயாளருக்குச் சிகிச்சையளித்த விபரத்தை 1953 இல் 'லான்செற்' சஞ்சிகையில் வெளியிட்டார். மேலை வைத்திய உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மறுதொகுதி நோயாளர் அவரிடம் இல்லை, உட்சென்ற நீருக்கும் வெளியேறிய நீருக்கும் கணக்கில்லை என்பன காரணங்கள். அவை நியாயமான குறைகளே. ஆனால் அக்குறைகளை நிவர்த்திசெய்து சோதித்துப் பார்க்கவேண்டும் என்னும் ஆவல்கூட எவருக்கும் எழாமைக்கு, அக்கட்டுரை எங்கிருந்து வந்தது என்பதும் ஒரு காரணமன்றோ? பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1968 இல், டேவிட் நலின், ரிச்சட் காஷ் ஆகியோர் றபிகுல் இஸ்லாம், மஜீத் மொல்லா முதலியோருடன் சேர்ந்து டாக்காவில் அக்கணக்கை முறைப்படி நிறுவிக் காட்டினர். வாய்வழிக் கரைசல் நாளவழி நீரின் தேவையை ஐந்தில் ஒன்றாகக் குறைத்தது.

1971 இல் வங்கதேச விடுதலைப் போர் வெடித்தது. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லை கடந்து இந்தியாவில் அடைக்கலம் புகுந்தனர். பொங்காவுன் என்னும் எல்லைப்புற ஊரில் வாந்திபேதி தலைவிரித்தாடிற்று. நாளவழி நீர் தீர்ந்துபோன நிலையில், குழந்தை வைத்தியரான திலிப் மகாலநாபிஸ் துணிந்து ஒரு முடிவுக்கு வந்தார். குளுக்கோசு, கறியுப்பு, சமையற்சோடா ஆகிய மூன்றையும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளரின் தாய்மாரிடமும் உறவினரிடமும் ஒப்படைத்தார். அங்கு அளவுகருவி எது? நோயாளியின் தாகமே அளவுகருவி. அருகிருந்த தாயின் கண்ணே காவல். நூற்றுக்கு முப்பதை எட்டியிருந்த மரணவீதம் அவருடைய பராமரிப்பில் 3.6 ஆக வீழ்ந்தது. தாகம் என்பது வெறும் துன்பமன்று. உடல் தன் தேவையைத் தானே அளந்து கூறும் மொழி. அம்மொழியைப் படிக்கத் தாய்க்குப் பட்டம் வேண்டியதில்லை. 1978 இல் 'லான்செற்' சஞ்சிகையே இக்கண்டுபிடிப்பை நூற்றாண்டின் தலைசிறந்த வைத்திய முன்னேற்றமாகக் கொள்ளத்தக்கதெனப் போற்றிற்று. அதே சஞ்சிகையில் சட்டர்ஜியின் கட்டுரை வெளிவந்து அப்போது இருபத்தைந்து ஆண்டுகள் சென்றிருந்தன.

தாயின் அறிவு முறைப்படுத்தப்பட்டது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் அது உடனே திரும்புகின்றதா, இரண்டு செக்கனுக்கு மேலாகியும் மடிந்தே நிற்கின்றதா? கண்கள் குழிவிழுந்துள்ளனவா? குழந்தை ஆவலோடு குடிக்கின்றதா, குடிக்கவும் இயலாது துவண்டு கிடக்கின்றதா? இக்குறிகளைக் கொண்டு நீரிழப்பை மூன்று படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கொடுக்கவேண்டிய அளவை உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்தது. நடுத்தர நீரிழப்பெனின் நிறையில் ஒரு கிலோவுக்கு 75 மில்லிலீற்றர் வீதம் நான்கு மணி நேரத்தில் வாய்வழியாக. கடும் நீரிழப்பெனின் கிலோவுக்கு 100 மில்லிலீற்றர் நாளவழியாக. ஒரு சாதாரண சுகாதார ஊழியர் எட்டு வரிகளில் மனனம் செய்துகொள்ளக்கூடிய விதி இது.

ஆனால் குறிகளும் பொய் சொல்வதுண்டு. பட்டினியால் மெலிந்த குழந்தையின் தோல் நீரிழப்பு இல்லாமலேயே மடிந்து நிற்கும். அதன் கண்கள் என்றும் குழிந்தே இருக்கும். புரதப் பஞ்சத்தால் உடல் வீங்கிய குழந்தையிலோ உண்மையான நீரிழப்பு மறைந்துவிடும். வறுமை உடலை நோய்க்கு ஆளாக்குவதோடு நில்லாமல், நோயின் மொழியையே குழப்பிவிடுகின்றது. 2004 இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, தனியொரு குறி எதுவும் முழு நம்பிக்கைக்குரியதன்று. நகத்தின் நிறம் மீள்வது, தோலின் இறுக்கம், மூச்சின் தன்மை ஆகிய மூன்றுமே ஏனையவற்றினும் மேலானவை. பல குறிகளைச் சேர்த்துப் பார்ப்பதே முறை என்னும் முடிவுக்கு வந்தனர்.

தராசின் கணக்கு

பேதியால் நீரை இழந்த குழந்தையின் கணக்கு ஒன்று. காய்ச்சலாலோ சத்திரசிகிச்சையாலோ உண்ண முடியாது கிடக்கும் குழந்தையின் அன்றாடத் தேவை வேறொன்று. 1957 இல் அமெரிக்காவின் மல்கம் ஹொலிடே, வில்லியம் சீகர் என்னும் இருவர் இதற்கு ஒரு சூத்திரம் தந்தனர். முதற் பத்துக் கிலோவுக்குக் கிலோ ஒன்றுக்கு 100 மில்லிலீற்றர். அடுத்த பத்துக்கு 50. அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவுக்கும் 20. பன்னிரண்டு கிலோ நிறையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 1,100 மில்லிலீற்றர். இருபத்தைந்து கிலோவாயின் 1,600. தராசு ஒன்றும் எண்கணிதமும் போதும். உலகெங்கும் வைத்திய மாணவர்கள் இன்றும் மனனம் செய்யும் கணக்கு இது.

இக்கணக்கின் எளிமையே பின்னர் அதன் ஆபத்துமாயிற்று. கடும் நோயுற்ற குழந்தையின் உடல் நீரை வெளிவிடாது பற்றிக்கொள்ளும். அந்நிலையில் உப்புக் குறைந்த கரைசலைச் சூத்திரப்படி ஊற்றியபோது குருதியின் சோடியம் வீழ்ந்தது. மூளை வீங்கிச் சில குழந்தைகள் மாண்டனர். குடலின் நீர்க்கணக்குக்கும் நோயுற்ற உடலின் நீர்க்கணக்குக்கும் உள்ள வேற்றுமை தெளிவாகப் பல ஆண்டுகள் சென்றன. குருதிக்கு நிகரான உப்புச் செறிவுள்ள கரைசலையே பயன்படுத்த வேண்டுமென அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 2018 இல் அறிவித்தது. ஆரோக்கியமான குழந்தையின் உடலிலிருந்து பெற்ற விதி நோயுற்ற குழந்தைக்கும் பொருந்தும் என எண்ணியதே தவறு.

முப்பத்துநான்கு குழந்தைகளும் மூவாயிரம் குழந்தைகளும்

இதனினும் பெரியதொரு தவறு பின்னர் வெளிப்பட்டது. கிருமித்தொற்று முற்றி, குருதியோட்டம் தளர்ந்து, கைகால் குளிர்ந்து கிடக்கும் குழந்தையின் நிலையை இனி எடுத்துக்கொள்வோம். இதனை அறியும் குறிகளும் எளியவையே. நகத்தையோ மார்பெலும்பின் மேலுள்ள தோலையோ அழுத்தி விட்டால், வெளுத்த இடம் சிவக்க எத்தனை செக்கன் ஆகின்றது? நாடி மெலிந்துள்ளதா? இதயம் மிக விரைந்து துடிக்கின்றதா? நகத்தை அழுத்திப் பார்க்கும் முறையை, இரண்டாம் உலகப் போரிற் காயமுற்ற சிப்பாய்களின் அதிர்ச்சியை மதிப்பிடுவதற்கு ஹென்றி பீச்சர் என்னும் அமெரிக்க வைத்தியர் பயன்படுத்தி 1947 இல் விபரித்திருந்தார். 'இரண்டு செக்கன்' என்னும் எல்லை பின்னர் வழக்கில் வந்தது. அது ஆராய்ந்து நிறுவப்பட்டதன்று. 1988 இல் சுகதேகிகளில் அளந்து பார்த்தபோது, வயதுக்கேற்ப அந்நேரம் மாறுவது புலனாயிற்று. அறையின் குளிரும் அதனை நீட்டும்.

இத்தகைய குழந்தைக்கு எவ்வளவு நீர்? 1991 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில் முப்பத்துநான்கு குழந்தைகளின் விபரம் இருந்தது. முதல் மணி நேரத்தில் கிலோவுக்கு 40 மில்லிலீற்றருக்கு மேல் பெற்ற ஒன்பது குழந்தைகளில் எண்மர் பிழைத்தனர். குறைவாகப் பெற்ற இருபத்தைவரில் பதின்மரே பிழைத்தனர். நாணயம் சுண்டியதுபோற் பகுத்துச் செய்த சோதனையன்று அது. நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்த்த கணக்கு. எனினும் அதன் அடியாக, 'விரைவாக, நிறைய' என்னும் கொள்கை உலக விதியாயிற்று. ஒரு மணி நேரத்தில் 60 மில்லிலீற்றர் வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என வழிகாட்டி நூல்கள் கூறின. செயற்கைச் சுவாச யந்திரமும் இரவு முழுவதும் அருகிருக்கும் தாதியும் உள்ள வைத்தியசாலையில் பிறந்த விதி, அவை எதுவுமில்லாத நாடுகளுக்கும் நல்லெண்ணத்தோடு சிபாரிசு செய்யப்பட்டது.

இருபது ஆண்டுகளின் பின்னரே இவ்விதி முறைப்படி சோதிக்கப்பட்டது. கத்தரின் மெயிற்லன்ட் தலைமையில், யூகண்டா, கென்யா, தன்சானியா ஆகிய நாடுகளின் ஆறு வைத்தியசாலைகளில், 2009 முதல் 2011 வரை நிகழ்ந்தது அச்சோதனை. காய்ச்சலும் குருதியோட்டத் தளர்ச்சியும் கொண்ட குழந்தைகள் 3,141 பேர் மூன்று பிரிவாக்கப்பட்டனர். பேதி நோயினரும் கடும் மந்தபோசணையுற்றோரும் இதில் அடங்கார். ஒரு பிரிவினர்க்கு அல்புமின் கரைசல் விரைவாகச் செலுத்தப்பட்டது; மற்றொரு பிரிவினர்க்கு உப்புநீர்; மூன்றாம் பிரிவினர்க்கு விரைநீர் எதுவுமின்றி அன்றாட அளவும் ஏனைய சிகிச்சைகளும் மட்டுமே. நீர் பெற்றோரே மிகுதியாகப் பிழைப்பர் என்பது பெரும்பாலோரின் எதிர்பார்ப்பு.

நடந்தது வேறு. இரு நாட்களுக்குள் இறந்தோர், அல்புமின் பெற்றவர்களில் நூற்றுக்கு 10.6, உப்புநீர் பெற்றவர்களில் 10.5, விரைநீர் பெறாதவர்களில் 7.3. சோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஒவ்வொரு நூறு குழந்தைகளிலும் மூவர், உயிர்காக்கும் என்று நம்பிச் செலுத்திய நீரினாலேயே இறந்தனர் என்பது இதன் பொருள். மலேரியா உள்ளோரிலும் இல்லாதோரிலும், குருதிச்சோகை உள்ளோரிலும் இல்லாதோரிலும் முடிவு அதுவே. பின்னர் ஆராய்ந்தபோது, மேலதிக மரணங்களிற் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் நுரையீரலில் நீர் தேங்கியமையன்று, இதயமும் குருதியோட்டமும் பிற்பாடு சரிந்தமையே என்பது தெரியவந்தது.

இதிலிருந்து நாம் அறியவேண்டியது யாது? குளிர்ந்த கை, மெலிந்த நாடி, மெதுவாகச் சிவக்கும் நகம் என்னும் குறிகள் பொய் சொல்லவில்லை. குருதியோட்டம் தளர்ந்துவிட்டது என அவை உண்மையே கூறின. ஆனால், 'நீர் ஊற்றினால் இது சீராகும்' என்று அவை கூறவில்லை. அதனை நாமே சேர்த்துக்கொண்டோம். நீரை இழந்த குழந்தையில் தளர்ச்சிக்குக் காரணம் நீரின்மை; அங்கே ஓடிச்சென்று நீர் கொடுக்க வேண்டும், தாமதிப்பவன் கொலைகாரனாவான். தொற்றுற்ற குழந்தையில் காரணங்கள் பல. குறி ஒரு கேள்விக்கு விடையளிக்கும்போது, நாம் வேறொரு கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொண்டோம்.

ஆபிரிக்க மண்ணில் நடந்த சோதனை ஆபிரிக்காவுக்கே பொருந்தும் எனக் கூறிச் செல்வந்த நாட்டு வைத்தியர் சிலர் அதனை ஒதுக்க முற்பட்டனர். முப்பத்துநான்கு அமெரிக்கக் குழந்தைகளின் கணக்கு உலகுக்கெல்லாம் பொருந்தும் என ஏற்றபோது இந்த ஐயம் எழாதது வியப்பே. எனினும் உண்மை மெல்ல வென்றது. தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லாத இடத்தில், குருதியமுக்கம் வீழாத குழந்தைக்கு விரைநீர் வேண்டாம் என்றும், ஏனைய இடங்களிலும் சிறிது சிறிதாகக் கொடுத்து ஒவ்வொரு முறையும் மீளப் பரிசோதிக்க வேண்டும் என்றும் 2020 இன் சர்வதேச வழிகாட்டி கூறுகின்றது. ஏழைக் குழந்தைகளின் வார்ட்டில் பிறந்த அறிவு இன்று செல்வர் குழந்தைகளையும் காக்கின்றது.

ஒலியால் காணுதல்

'இக்குழந்தையின் இதயம் நீரை ஏற்று மேலும் நன்றாக இயங்குமா?' என்பதே சரியான கேள்வியாயின், அதற்கு விடை காண்பது எங்ஙனம்? வளர்ந்தோரில் கால்களை உயர்த்திப் பார்ப்பது ஒரு வழி. கால்களிலுள்ள குருதி இதயத்தை நோக்கிப் பாயும். இதயம் அதனால் மேலும் வலுவாக இயங்கினால் நீர் பயன்தரும். இல்லையெனின் கால்களை இறக்கிவிடலாம், கேடொன்றுமில்லை. சிறு குழந்தையின் கால்கள் உடலோடு ஒப்பிடுகையிற் சிறியவை. அதனால் இவ்வழி அங்கு அத்துணை உறுதியானதன்று.

1842 இல் பிராக் நகரில் கிறிஸ்தியான் டொப்ளர் விண்மீன்களின் நிறத்தை ஆராயும்போது ஒரு விதியை வகுத்தார். அதனடியாக இன்று காதுக்கெட்டா ஒலியலைகளைக் கொண்டு, குழந்தையின் நெஞ்சில் ஓர் ஊசியும் குத்தாமல், பெருநாடியிற் குருதி பாயும் வேகத்தை அளக்கின்றார்கள். சுவாச யந்திரத்திலுள்ள குழந்தையின் ஒவ்வொரு மூச்சோடும் அவ்வேகம் பெரிதும் ஏறியிறங்கினால், இதயம் நீரை வேண்டி நிற்கின்றது எனக் கொள்ளலாம். பற்பல அளவீடுகளையும் ஒப்பிட்டு 2013 இல் வெளிவந்த தொகுப்பாய்வொன்று, குழந்தைகளில் நம்பத்தக்கதாக இவ்வோர் அளவீடே தேறியது எனக் கூறிற்று. நீர் வேண்டுமெனக் கருதப்பட்ட குழந்தைகளிலும் ஏறத்தாழ அரைவாசிப் பேரின் இதயமே உண்மையில் நீரால் பயன்பெற்றது என்பதும் இவ்வாய்வுகளாற் புலப்பட்டது.

இக்கருவியை நாம் வரவேற்கின்றோம். ஆனால் அது கைக்கு மாற்றன்று. நீர் கொடுத்தபின் விலாவின் கீழ் விரல்களை வைத்து, ஈரல் முன்னையிலும் கீழிறங்கியுள்ளதா எனப் பார்க்கும் பழைய முறை இன்றும் பயனுள்ளதே. ஈரல் வீங்குமாயின், போதும் நிறுத்து என்று உடல் சொல்கின்றது. அதனைக் கேட்க ஒரு கையும், அக்கையைப் பயிற்றிய ஓர் ஆசிரியரும் போதும்.

நம் தீவின் கணக்கு

இவையெல்லாம் எங்கோ நடந்த கதைகளல்ல. 2017 இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சல் கண்டதாகப் பதிவாயிற்று. நீர் அளவிடும் கலைக்கு இந்நோய் ஒரு கடும் பரீட்சை. காய்ச்சல் தணியும் வேளையில், தேறிவிட்டது எனப் பெற்றோர் மகிழும் அதே வேளையில், குருதியின் திரவம் குழாய்ச் சுவர்களினூடாகக் கசியத் தொடங்கும். ஓரிரு நாட்களில் கசிவு தானே நிற்கும். கசிந்த திரவமும் திரும்பக் குருதியிற் சேரும். முன்பாதியில் நீர் குறைந்தால் மரணம். பின்பாதியில் முன்னர் ஊற்றிய மிகைநீரே மரணமாக வந்து சேரும்.

இங்கே நம் வைத்தியரும் தாதியரும் கையாளும் முறை மேலே கண்ட வரலாறு முழுவதன் தொகுப்பாகும். தாய்லாந்து வைத்தியர்கள் தம் குழந்தை வார்ட்டுகளில் பல ஆண்டுகள் பெற்ற அனுபவத்தைத் தழுவி, கசிவுக் காலம் முழுவதற்கும் ஒரு மொத்த அளவு வரையறுக்கப்படுகின்றது. 1957 இன் சூத்திரப்படி ஒருநாள் தேவை, அதனோடு நிறையின் நூற்றுக்கு ஐந்து பங்கு. இருபது கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு 1,500 உம் 1,000 உம் சேர்ந்து 2,500 மில்லிலீற்றர். ஆனால் அதனை ஒரே சீராக ஊற்றுவதில்லை. மேலமுக்கத்துக்கும் கீழமுக்கத்துக்கும் இடையிலான வேறுபாடு 20 மில்லிமீற்றராகக் குறுகுகின்றதா? கால்கள் குளிர்கின்றனவா? ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சிறுநீர் வெளியேறிற்று? விரல்நுனித் துளியிற் குருதி கெட்டிப்படுகின்றதா? நெஞ்சிலும் வயிற்றிலும் கசிந்த திரவம் ஒலியலைப் படத்தில் தெரிகின்றதா? இக்கேள்விகளுக்கான விடைகள் மணிக்கு மணி ஒரு தாளிற் குறிக்கப்படுகின்றன. அத்தாளைப் பார்த்தே நீர் கூட்டப்படும், குறைக்கப்படும்.

அத்தாளை நிரப்புவது யார்? ஒரு தாதி. இரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் அதே குழந்தையின் காலைத் தொட்டுப் பார்க்கும் ஒரு மனிதப்பிறவி. அவளுக்கு இருபது குழந்தைகளைப் பார்க்கவேண்டிய பொறுப்பிருந்தால், மூன்று மணியின் கட்டம் வெறுமையாகவே இருக்கும். லீத் நகரத்து மூதாட்டியை விட்டு லாற்றா அகன்ற அந்த வெற்றிடமே, இத்தாளின் வெறுங்கட்டமும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் நம் நாட்டை விட்டு வெளியேறிய வைத்தியர்களின் தொகையை எண்ணும்போது, அவர்கள் ஒவ்வொருவரோடும் எத்தனை கட்டங்கள் வெறுமையாயின என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஊசியில்லா மதிப்பீடு மலிவானது என்று அதிகாரிகள் சொல்வதுண்டு. அது அரையுண்மை. கருவிச் செலவு அதில் குறைவு. மனித உழைப்போ அதிகம். கண்ணும் கையும் இலவசமாகக் கிடைப்பன அல்ல. அவற்றைப் பயிற்ற ஆசிரியர் வேண்டும். அவை களைத்துப்போகாதிருக்கப் போதிய ஆட்கள் வேண்டும். அவர்களுக்கு வாழத்தக்க ஊதியம் வேண்டும். இலவச வைத்தியம் என்பதன் உயிர் மருந்துக் களஞ்சியத்தில் மட்டுமன்று, இரவுக் கடமையிலுள்ளோரின் எண்ணிக்கையிலும் உள்ளது.

ஆசிரியர்களாகவும் மாணவர்களாகவும் உள்ள நம் வாசகர் இதில் செய்யத்தக்கது உண்டு. தோலைக் கிள்ளிப் பார்க்கவும், கரைசலைச் சரியான அளவிற் கலக்கவும், காய்ச்சல் தணிந்த பிள்ளை ஏன் சோர்கின்றது எனக் கேட்கவும் ஒவ்வொரு பாடசாலையிலும் கற்பிக்கலாம். அதனினும் மேலாக, எந்த விதி வந்தாலும், இது யாருடைய குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது, எத்தனை குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது எனக் கேட்கும் பழக்கத்தைக் கற்பிக்கலாம். கிழக்கு ஆபிரிக்காவின் ஆறு வைத்தியசாலைகளில், தம் பிள்ளைகளை அச்சோதனையில் சேர்க்க இணங்கிய ஆயிரக்கணக்கான பெற்றோரின் பெயர்கள் எந்த வைத்திய நூலிலும் இல்லை. இனி ஒரு வார்ட்டில், ஒரு வைத்தியர் நீர்க்குழாயின் திருகில் கைவைத்துச் சற்று நின்று, குழந்தையின் முகத்தை மீண்டும் ஒருமுறை பார்ப்பாராயின், அந்தத் தயக்கத்தை அவருக்குக் கற்பித்தவர்கள் அவர்களே.